நூற்றாறாவது ஆள்

கோல்பி டிரைலிங் நான்கு வருடத்தில் நாற்பது பேராக இருந்திருக்கிறான். கோல்பி டிரைலிங்காக மட்டும் ஒரு சனிக்கிழமைகூடக் களத்தில் இறங்கியதில்லை.

லோரிங் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியில் அவனுக்கு அதுதான் வேலை. கால்பந்து என்று பெயரே தவிர, காலுக்கு அதில் வேலை குறைவு. பந்தைக் கையால் எறிந்து, மாரோடு அணைத்துக்கொண்டு, ஆளோடு ஆள் முட்டி ஆடுகிற ஆட்டம். எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். வருகிற சனிக்கிழமை எந்தக் கல்லூரியோடு மோதலோ, அந்தக் கல்லூரியின் குவார்ட்டர்பேக்கைப் போலத் திங்கள் முதல் வியாழன் வரை பயிற்சியில் ஆடிக் காட்ட வேண்டியவன் கோல்பி. அந்த எதிராளி எப்படி நிற்பான், எந்தப் பக்கம் ஓடுவான், பதறினால் என்ன செய்வான் என்று ஞாயிறு முழுக்க வீடியோ பார்ப்பான். எதிராளி இடது கைக்காரன் என்றால் இவனும் இடது கையால் எறிவான். லோரிங்கின் தடுப்பாட்டக்காரர்கள் இவன்மேல் விழுந்து விழுந்து பழகிக்கொள்வார்கள். நூற்றுப்பத்து கிலோ ஆட்கள் அவர்கள். அப்படிப் பழகியவர்கள் சனிக்கிழமை ஜெயித்தால் கோல்பி ஓரத்தில் நின்று கை தட்டுவான்.

இதற்கு அவனுக்குச் சல்லிக்காசு கிடையாது. படிப்புக் கட்டணம்கூட அவன் வீட்டில்தான் கட்டினார்கள். இப்படி யாரும் கூப்பிடாமல் தானாக வந்து சேருகிறவர்களை வாக்-ஆன் என்பார்கள். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்து மேற்குப் பக்கக் கோதுமை ஊர்களில் அது கௌரவமான வார்த்தை. வேறொரு சின்னக் கல்லூரி கட்டணம் முழுவதையும் தானே ஏற்று, முதல் வருடத்திலிருந்தே குவார்ட்டர்பேக்காக இறக்குகிறோம் என்று கோல்பியை அழைத்தது. அவன் மாட்டேன் என்று லோரிங்குக்குப் போனான். அவன் ஊரான ஓபர்டார்ஃபில் அதை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை மாலைத் திருப்பலியையே ஆட்டம் முடிகிற நேரம் பார்த்து வைக்கிற பாதிரியார் உள்ள ஊர் அது.

அவன் அப்பா மார்லினும் வாக்-ஆன்தான். கூட்டுறவுத் தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறார். தொண்ணூறுகளில் நான்கு வருடம் லோரிங் அணியில் இருந்து, நிஜ ஆட்டத்தில் மொத்தம் பத்தொன்பது தடவை களத்தில் இறங்கினார். ஒவ்வொரு தடவையும் ஐந்தாறு வினாடி. எல்லாம் சேர்த்தால் இரண்டு நிமிடம் தேறாது. அந்த இரண்டு நிமிடத்தை வைத்துக்கொண்டு மனிதர் முப்பது வருடம் ஓட்டிவிட்டார். பதினொன்றாவது தடவை மழையா தூறலா என்பது வரைக்கும் சொல்வார்.

மார்லினோடு அந்த நாளில் சேர்ந்து வாக்-ஆனாக இருந்தவர் ரஸ் வெர்த். இன்று லோரிங்கின் துணைக் கோச். மார்லின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். கோல்பி சேர்ந்த வருடம் அவர் ஓபர்டார்ஃபுக்கு வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து, கோல்பியின் அம்மா ஜோலீன் வைத்த பீன்ஸ்-இறைச்சிக் குழம்பில் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். வாய் நிறைய ரொட்டியோடு ஒரு வாக்குக் கொடுத்தார்.

"கடைசி வருஷம், அஞ்சாவது வருஷம், நம்ம மைதானத்துல நடக்கற கடைசி ஆட்டம். அதுல இவனை இறக்குவேன். என்ன ஆனாலும் ஒரு தடவையாவது. நான் சொல்றேன், மார்லின்."

"ஒரு தடவை போதும் கோச்," என்றான் கோல்பி.

அந்த ஒரு தடவைக்காகத்தான் அவன் நான்கு வருடம் அடி வாங்கினான். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. தன் பெயர் போட்ட சட்டையோடு, தானாகவே, ஐந்து வினாடி.

இதற்குள் கல்லூரிக் கால்பந்தில் பணம் புகுந்தது. முன்பும் கோடிகள் புரண்டன, ஆனால் ஆடுகிறவன் கைக்கு வராது. கோச் மாளிகை கட்டுவார், தொலைக்காட்சிக்காரன் கப்பல் வாங்குவான், ஆடுகிறவனுக்குப் படிப்புக் கட்டணமும் சாப்பாடும். அந்தப் பிள்ளைகள் தலையில் எல்லோரும் நன்றாக மிளகாய் அரைத்தார்கள். பிறகு விதி மாறியது. ஆட்டக்காரன் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றார்கள். வருடா வருடம் கல்லூரி மாறலாம் என்றார்கள். கடைசியில் நீதிமன்றத்தில் ஒரு சமரசம் பேசி, கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்ற நிலைமைக்கு வந்தார்கள். கோல்பி அதற்குச் சந்தோஷப்பட்டவன். உழைக்கிறவனுக்குக் கூலி கிடைத்தால் யாருக்கு வயிறு எரிய வேண்டும்?

பணத்தைக் கொட்ட ஆரம்பித்ததும் லோரிங் முதலில் வாங்கியது டேவன் ரூக்கை.

ரூக் போட்டிக் கல்லூரியின் குவார்ட்டர்பேக். ஜார்ஜியா மாநிலத்துப் பையன், அசாத்தியமான கை. இரண்டு வருடம் லோரிங்கைத் தோற்கடித்தவன். அதனாலேயே கோல்பி வேறு யாரையும்விட ரூக்காகத்தான் அதிக நாள் இருந்திருக்கிறான். தோளைக் குலுக்குவது, பந்து கைக்கு வருமுன் இடது காலைப் பின்னால் இழுப்பது, எல்லாம் அத்துப்படி. ஜனவரியில் ரூக் கல்லூரியைப் பார்க்க வந்தபோது ரஸ் வெர்த் கோல்பியைத்தான் கூப்பிட்டார்.

"அவனை உன்னைவிட யாருக்குத் தெரியும்? ரெண்டு நாள் கூட இரு. ஊரைக் காட்டு. அவன் இங்க வரணும்டா தம்பி."

ரூக் காரிலிருந்து இறங்கி இவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஓ, நீதான் நானா?"

"ரெண்டு வருஷமா."

"நடந்து காட்டு பார்ப்போம்."

கோல்பி நடந்து காட்டினான். ரூக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டேய், எங்கம்மா பார்த்தா உன்னைத்தான் சாப்பிடக் கூப்பிடுவாங்க!"

அந்த இரண்டு நாளில் கோல்பி தன் கல்லூரியை விற்றான் என்றே சொல்லலாம். இங்கே ஆட்கள் சொன்ன சொல் தவற மாட்டார்கள், அதுதான் இங்கே விசேஷம் என்று மனதாரச் சொன்னான். ரூக் கையெழுத்துப் போட்டான். அவனுக்குப் பதினெட்டு லட்சம் டாலர் என்று ஊரெல்லாம் பேச்சு. மார்லின் கிடங்கில் இருந்த அத்தனை பேரிடமும் "எங்க கோல்பிதான் அவனைக் கூட்டிட்டு வந்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சமரசத்தின் இன்னொரு பக்கம் அப்போதுதான் கண்ணில் பட்டது. அதுவரை ஓர் அணியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். லோரிங்கில் நூற்றிருபத்தெட்டு பேர் இருந்தார்கள். இனி நூற்றைந்துக்கு மேல் கூடாது. இருபத்து மூன்று பேர் வெளியே போக வேண்டும். யார் போவார்கள் என்று சொல்ல ஜோசியம் வேண்டியதில்லை.

தலைமைக் கோச்சுக்கு ஒரு சங்கடம். "இந்த மாநிலத்துப் பையன் ஒருத்தனைக்கூட நான் வெளியே அனுப்ப மாட்டேன்" என்று தொலைக்காட்சியில் மார்தட்டியிருந்தார். அரங்கத்தை நிரப்புவதே கோதுமை ஊர்க்காரர்கள்தான். எனவே உள்ளூர்ப் பையன்கள் நான்கு பேரைத் தாமாகப் போக வைக்க வேண்டியிருந்தது. அந்த வேலை ரஸ் வெர்த் தலையில் விழுந்தது.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கோல்பியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மேசைமேல் ஒரு காகிதம். 'தனிப்பட்ட காரணங்களுக்காக என் விருப்பத்தின் பேரில் அணியிலிருந்து விலகுகிறேன்' என்று அச்சடித்திருந்தது.

"இது வெறும் பேப்பர்டா," என்றார். "ஆகஸ்ட்ல எவனாவது முட்டியை உடைச்சுக்குவான். இடம் காலியாகும். முதல் போன் உனக்குத்தான்."

"மத்த மூணு பேரும் போடறாங்களா, கோச்?"

"எல்லாரும் போடறாங்க."

"கடைசி ஆட்டம்?"

"நான் உங்க வீட்டு மேசைல உக்காந்து சொன்னேன். மறந்துட்டேன்னு நினைக்கிறியா?"

கோல்பி கையெழுத்துப் போட்டான். யாரிடமும் கேட்கவில்லை. அவன் வளர்ந்த இடத்தில், அப்பாவின் தோழர் ஒரு காகிதத்தை நீட்டினால் வக்கீலைத் தேடிக்கொண்டு யாரும் ஓட மாட்டார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் கையைக் குலுக்கி "நன்றி கோச்" என்றும் சொன்னான். அந்த நன்றியை நினைத்தால் இன்றும் அவனுக்குக் காது சூடாகிறது.

கோடை முழுக்க அப்பாவோடு தானியக் கிடங்கில் வேலை பார்த்தான். அறுவடை லாரிகளை எடை போட்டான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிடங்கின் பின்புறச் சுவரில் பந்தை எறிந்து பழகினான். ஜூன் மாதம் நீதிபதி சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார் என்று வானொலியில் கேட்டான். அதில் புதிதாக ஏதோ ஒரு நிபந்தனை என்றார்கள். அது என்னவென்று அவன் கவனிக்கவில்லை. முதல் போன் வரும் என்று கைப்பேசியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான்.

ஆகஸ்ட் முதல் வாரம் போன் வந்தது. பேசியது ரூக்.

"மாப்ள, நீ ஏன்டா வரல? உங்க பக்கத்துப் பசங்க மூணு பேரும் திரும்பி வந்துட்டானுங்களே."

"இடம் காலியாச்சா?"

"இடமாவது மண்ணாவது. நூத்தஞ்சு அப்படியேதான் இருக்கு. எண்ணிக்கைக் குறைப்பால வெளிய அனுப்பினவங்களைக் கணக்குல சேக்காம வெச்சுக்கலாம்னு ஜட்ஜ் சொல்லிட்டாரு. யார் யாருன்னு காலேஜ் ஒரு லிஸ்ட் கொடுக்கணும். போன மாசமே கொடுத்துட்டாங்க. சுவத்துல ஒட்டியிருக்கு. உன் பேரைத் தேடினேன்டா. இல்ல."

கோல்பி எடை மேடையை விட்டு ஓரமாக நகர்ந்தான்.

"ஹலோ? அந்த மூணு பேரும் ஏதோ பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னாங்களாம். அதனால அவனுங்களை நேரா வெளிய அனுப்பிட்டாங்களாம். அதான் இப்ப லிஸ்ட்ல இருக்கானுங்க. நீ எதுலயாவது போட்டியாடா?"

"போட்டேன்."

"யாராவது உன்னைப் போடச் சொன்னாங்களா?"

கோல்பி போனை வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி லோரிங்குக்குப் போனான். பயிற்சி முடிந்து ரஸ் வெர்த் அறைக்கு வந்தபோது இவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். அவருக்கு முகம் வெளிறியது. பழக்கத்தில் தோளைத் தட்ட வந்த கையைப் பாதியிலேயே இறக்கிக்கொண்டார்.

"என் பேரையும் சேத்துடுங்க கோச்," என்றான். "அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கல."

"லிஸ்ட் போயாச்சு. தேதி முடிஞ்சுபோச்சு."

"போறதுக்கு முன்னாடி என் ஞாபகம் வரலியா?"

"வந்துச்சு. மேல போய்க் கேட்டேன். வக்கீல் என்ன சொன்னாருன்னா, 'அவனா போனான், அவன் கையெழுத்து இருக்கு. அவனைச் சேத்தா அந்தக் காகிதம் பொய்னு நாமளே ஒத்துக்கற மாதிரி.' நான் என்ன பண்றது சொல்லு. எனக்கும் இங்க மேல ஆள் இருக்கான்."

"எல்லாரும் போடறாங்கன்னு சொன்னீங்களே."

ரஸ் வெர்த் ஜன்னலைப் பார்த்தார்.

"அப்ப போடுவாங்கன்னு நினைச்சேன்."

"பொய் சொன்னீங்க."

"சரி, சொன்னேன். போதுமா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்ட ஆளுக்கு வருகிற கோபம். "நான் என்ன, உன் முதுகுல குத்தணும்னு அலைஞ்சேனா? உன்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடி முறையாக் கேட்டுட்டுத்தான் கூப்பிட்டேன். நாலு அப்பாக்களுக்கும் போன் பண்ணேன். மூணு பேரு என்னைக் கண்டபடி திட்டினாங்க. 'எங்க பையன் கையெழுத்துப் போடமாட்டான், தைரியம் இருந்தா நீயே தூக்கு'ன்னாங்க. உங்கப்பா ஒருத்தர்தான்..."

அதோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதே போதுமாக இருந்தது.

"எங்கப்பா என்ன சொன்னாரு?"

"விடுடா."

"என்ன சொன்னாரு, ரஸ்?" கோச் என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து போய்விட்டது.

"'டீமுக்கு நல்லதுன்னா அவன் போடுவான், நீ கேளு, ஒண்ணும் பேசமாட்டான்'னு சொன்னாரு."

திரும்பி வருகிற மூன்று மணி நேரமும் கோல்பி ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். அப்பாவுக்கு ரஸ் ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். நல்ல வரிசையில் இரண்டு சீசன் டிக்கெட், அரங்க வாசலில் வண்டி நிறுத்த ஓர் இடம், கிடங்குக்கு ஏதாவது வேலை. அப்படி இருந்தால் புரிந்துகொள்ளலாம். இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது. ரூக்குக்கு இருக்கிறது, கோச்சுக்கு இருக்கிறது, தனக்கும் ஏதோ ஒரு சின்ன விலை இருந்திருந்தால் ஆத்திரப்பட்டுவிட்டு ஆறிப்போகலாம். ஏதாவது வாங்கியிருக்கட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தான்.

வீட்டில் அப்பாவும் அம்மாவும் இரவுச் சாப்பாட்டில் இருந்தார்கள். மேசைமேல் முட்டைக்கோசும் இறைச்சியும் வைத்துச் சுட்ட பன். மார்லின் தலை நிமிர்ந்து, "லோரிங்குக்கா போயிருந்த? ரூக் எப்படி எறியறான்?" என்றார்.

"ஏப்ரல்ல ரஸ் உங்களுக்குப் போன் பண்ணாரா?"

மார்லின் பன்னைத் தட்டில் வைத்தார். ஜோலீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பண்ணான்," என்றார் மார்லின்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"டீமுக்கு ஒரு நெருக்கடிடா. ரஸ் கெஞ்சினான். ரூக் மாதிரி ஆளுங்க வரணும்னா இடம் வேணும். இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் ஜெயிக்கற மாதிரி ஒரு டீம் அமைஞ்சிருக்கு. நாம குறுக்க நிக்கலாமா?"

"என் ஒரு தடவை?"

மார்லின் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அன்றைக்கு அதுதான் கொடுமை.

"உண்மையைச் சொல்லணும்னா, ரஸ் கேட்டப்ப எனக்கு உன் நினைப்பே வரலடா. டீமைத்தான் நினைச்சேன்."

ஜோலீன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். "மார்லின்!" என்றாள். அவள் குரல் இப்படி உடைந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "நாலு வருஷம் அவன் உடம்புல ஐஸ் வெச்சது நானு. விலா எலும்பு விரிசல் விட்டப்ப சட்டை மாட்டிவிட்டது நானு. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

மார்லின் அவளைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்து, "அடுத்த வருஷம் வேற ஏதாவது..." என்று ஆரம்பித்தார். அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. கல்லூரி ஆட்டத்தை ஐந்து வருடத்தில் முடித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி, இது ஐந்தாவது. ஆகஸ்டில் எந்தக் கல்லூரியிலும் இடம் இல்லை. அன்று அழைத்த சின்னக் கல்லூரியில்கூட வேறொருவன் நான்கு வருடமாகக் குவார்ட்டர்பேக். இதெல்லாம் மார்லினுக்கும் தெரியும்.

"ரஸ் என்ன கொடுத்தாரு?" என்றான் கோல்பி.

"என்னது?"

"என்னை விட்டுக்கொடுத்ததுக்கு. டிக்கெட்டா? பார்க்கிங்கா? ஏதாவது கொடுத்திருப்பாரே."

மார்லினுக்கு ரோஷம் வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ஒரு பைசா வாங்கலடா. என்னை என்னன்னு நினைச்ச? ரஸ்கிட்டயும் லோரிங்கிட்டயும் நான் கை நீட்டுவேனா? நான் எப்பவாவது அவங்ககிட்ட எதையாவது வாங்கியிருக்கேனா?"

காரில் வரும்போது கோல்பி பிடித்துக்கொண்டு வந்த அந்த ஒரே விஷயமும் கையை விட்டுப் போய்விட்டது.

"அப்ப என்னைச் சும்மாவே குடுத்துட்டீங்க," என்றான்.